மனிதர் இல்லாத பூமியில் உயிர் நீடிக்குமா? விடையை நாமே வருவித்துக்கொள்ளும் முறை

மனித இனம் முழுவதும் மறைந்துவிட்டால் பூமியில் உயிர் தொடருமா என்று கேட்டால், பெரும்பாலானோர் யோசிக்காமலே இரண்டில் ஒரு விடையைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு சாரார், நாம் ஒழிந்தால்தான் இயற்கைக்கு விடிவு என்கிறார்கள். மறு சாரார், நாம் போகும்போது அனைத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டுதான் போவோம் என்கிறார்கள். முதல் விடையில் நம்மீது நமக்குள்ள வெறுப்பும், இரண்டாவதில் நம்மைப் பற்றி நமக்குள்ள மிகை மதிப்பும் தெரிகின்றனவே தவிர, பூமியைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை.

விடையைச் சொல்வதைக் காட்டிலும், அதை வருவித்துக்கொள்ளும் முறையைச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை. பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமாகும் மாணவருக்கும், இதை வகுப்பில் விவாதிக்க விரும்பும் ஆசிரியருக்கும், இரவில் மொட்டை மாடியில் படுத்தபடி இதைப் பற்றி யோசித்துத் தூக்கத்தைத் தொலைத்தவருக்கும் இம்முறை பொருந்தும். கணக்கெழுத ஒரு நோட்டு, கோடிகளில் எண்ணும் பொறுமை, வீட்டருகே ஆளில்லாமல் கிடக்கும் ஒரு காலி மனை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அந்த மனை எதற்கு என்பது கடைசியில் வரும்.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுதல்

முதலில், ஒரே கேள்வியாகத் தோன்றும் இதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். எந்த உயிர் தொடருமா என்று கேட்கிறோம் என்பது ஒன்று. மனிதர் எதனால் மறைந்தனர் என்பது இரண்டு. எவ்வளவு காலம் வரை என்பது மூன்று. பாக்டீரியாவைப் பற்றிக் கேட்பவருக்கும் புலியைப் பற்றிக் கேட்பவருக்கும் ஒரே விடையைச் சொல்ல இயலாது. மனிதரை மட்டும் தாக்கும் ஒரு நோயால் நாம் மறைவதும், அணு ஆயுதப் போரால் மறைவதும் மற்ற உயிர்களுக்கு ஒன்றல்ல. நோட்டில் இம்மூன்றையும் தனித்தனிப் பக்கங்களின் தலைப்பாக எழுதிக்கொண்டு, இனிக் கிடைக்கும் ஒவ்வொரு செய்தியையும் அது எந்தப் பக்கத்துக்கு உரியது என்று பார்த்து எழுதினாலே, இந்த விவாதத்தில் வழக்கமாக நேரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

எடை போட்டுப் பார்த்தல்

அடுத்து, பூமியிலுள்ள உயிர்த்தொகையில் நம் பங்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். 2018ஆம் ஆண்டு வெளியான ஒரு விரிவான கணக்கீட்டின்படி, பூமியின் எல்லா உயிர்களிலும் உள்ள கார்பனைச் சேர்த்து எடை போட்டால் ஏறத்தாழ 55,000 கோடி டன் வரும். இதில் தாவரங்கள் மட்டும் சுமார் 45,000 கோடி டன். பாக்டீரியாக்கள் சுமார் 7,000 கோடி டன். விலங்குகள் அனைத்தும் சேர்ந்து 200 கோடி டன். மனிதர் அனைவரும் சேர்ந்து 6 கோடி டன். அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தராசில் நாம் இருப்பதும் இல்லாததும் தெரியாது.

ஆனால் அதே கணக்கின் இன்னொரு வரியையும் படிக்காமல் விட்டுவிடக் கூடாது. பாலூட்டிகளை மட்டும் பிரித்து நிறுத்தால், மனிதர் 36 விழுக்காடு, நாம் வளர்க்கும் கால்நடைகள் 60 விழுக்காடு, யானை முதல் திமிங்கிலம் வரை காட்டிலும் கடலிலும் வாழும் பாலூட்டிகள் அனைத்தும் சேர்ந்து வெறும் 4 விழுக்காடு. ஆகவே “உயிர்” என்னும் சொல்லால் ஒருவர் பாலூட்டிகளைக் குறிப்பாராயின், நம் மறைவு மிகப் பெரிய நிகழ்ச்சி. பாக்டீரியாவையும் புல்லையும் குறிப்பாராயின், அது நிகழ்ந்ததாகவே அவற்றுக்குத் தெரியாது.

எடையோடு நின்றுவிடாமல், யார் யாரைச் சார்ந்து வாழ்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். மூச்சுக்குரிய ஆக்சிஜனைக் காற்றில் நிறைத்தவை, நீலப்பச்சைப் பாசி என்று பழைய பாடநூல்கள் அழைத்த சயனோபாக்டீரியாக்கள். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவை தொடங்கிய வேலையை இன்று பாசிகளும் மரஞ்செடிகளும் தொடர்கின்றன. அவை நின்றுபோனால் நாம் இல்லை. நாம் நின்றுபோனால் அவற்றுக்குக் குறை ஏதும் இல்லை. இலைதழையை மட்கச் செய்யும் பூஞ்சை, மகரந்தம் சுமக்கும் தேனீ, சாணத்தை உருட்டிப் புதைக்கும் வண்டு ஆகிய எதனிடத்திலும் மனிதர் பொறுப்பு வகிக்கவில்லை.

இந்த இடத்தில் ஆழ்கடல் வெப்ப ஊற்றுகளை உதாரணம் காட்டிச் சூரியனே இல்லாவிட்டாலும் அங்கே உயிர் வாழும் என்று பேசுவது வழக்கம். 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே கடலடியில் கண்டறியப்பட்ட அந்த ஊற்றுகளைச் சுற்றி வாழும் குழாய்ப் புழுக்கள் சூரிய ஒளியைப் பார்த்ததில்லை என்பது உண்மையே; ஆனால் அவை சுவாசிக்கும் ஆக்சிஜன், மேலே ஒளிச்சேர்க்கையால் உண்டாகிக் கடல்நீரில் கரைந்து இறங்கியது. உண்மையிலேயே தனித்து வாழும் உயிருக்கு உதாரணம் தேடுவோர் தென்னாப்பிரிக்காவின் போனெங் தங்கச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். தரைக்குக் கீழே 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், பாறை வெடிப்புகளில் தேங்கிய நீரில் வாழும் ஒருவகை பாக்டீரியா, யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளப்பதால் உண்டாகும் ஹைட்ரஜனைக் கொண்டு பிழைத்துக்கொள்கிறது. மேலே போர் நடந்தாலும் பனி மூடினாலும் அதற்கு எல்லா நாளும் ஒரே நாள்தான்.

பழைய அழிவுகளை அளவுகோலாக்குதல்

மனிதர் எதனால் மறைவர் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் எந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டாலும், அதைவிடப் பெரிய அடியை உயிர் இதற்கு முன் தாங்கியிருக்கிறதா என்று கேட்க முடியும். இதுவே இம்முறையின் நடு அச்சு.

இரண்டு அளவுகோல்கள் போதும். ஒன்று, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய மெக்சிகோவின் சிக்சுலூப் பகுதியில் விழுந்த, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல். உலகின் எல்லா அணு ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் வெடித்தால் வெளிப்படும் ஆற்றலைவிட அந்த மோதலின் ஆற்றல் பல ஆயிரம் மடங்கு பெரிது. எழுந்த தூசியும் புகையும் சூரியனை மறைத்தன. இனங்களில் நான்கில் மூன்று பங்கு அழிந்தது. மற்றொன்று, சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெர்மியன் காலத்தின் முடிவில், சைபீரியாவில் பெருக்கெடுத்த எரிமலைக் குழம்பும் அதனுடன் வெளிவந்த வாயுக்களும் கடலைச் சூடாக்கி, அமிலமாக்கி, ஆக்சிஜனை வற்றச் செய்த பேரழிவு. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அப்போது மறைந்தன. கரியமில வாயுவை மிகுதியாக வெளியேற்றிப் பூமியைச் சூடாக்கும் நம் இன்றைய பழக்கத்துக்கு நெருங்கிய உறவினர் இந்த இரண்டாவது அழிவுதான் என்பதால், இதையே கூடுதலாகப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். விண்கல் கண்ணைக் கவரும். பாடம் எரிமலையில்தான் இருக்கிறது.

இரண்டுக்குப் பின்னும் உயிர் தொடர்ந்தது. பெர்மியன் அழிவுக்குப் பிறகு, பன்றியளவு உடலும் இரு தந்தப் பற்களும் கொண்ட லிஸ்ட்ரோசாரஸ் என்னும் விலங்கு பூமியின் பெரும்பகுதியில் பரவி நின்றது. அதன் எலும்புகள் தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்க்டிகாவிலும் நம் நாட்டின் தாமோதர் பள்ளத்தாக்கிலும் கிடைக்கின்றன. விண்கல்லுக்குப் பிறகு, எரிந்த நிலத்தை முதலில் மூடியவை பெரணிச் செடிகள். அக்காலப் பாறை அடுக்குகளில் பெரணி வித்துகள் திடீரெனப் பெருகுவதை வைத்து இதை அறிகிறோம்.

இந்த அளவுகோலைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்புவோர் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிக்குப் போகலாம். இன்று சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் அந்த நிலம், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்தது. காரை என்னும் ஊரின் ஓடைகளில், ஆட்டுக்கிடாக் கொம்புபோல் சுருண்ட ஓடுள்ள கடலுயிர்களான அம்மோனைட்டுகளின் கற்படிவங்கள் கிடைக்கின்றன. இந்தக் குலம் 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கடலை ஆண்டது. பெர்மியன் அழிவில் ஏறத்தாழ முழுவதும் மாண்டு, மிஞ்சிய சிலவற்றிலிருந்து மீண்டும் பெருகியது. பிறகு விண்கல் அழிவோடு ஒன்றுகூட மிஞ்சாமல் போயிற்று. அதே கடலில், அதே போன்ற ஓட்டோடு வாழ்ந்த அதன் உறவான நாட்டிலஸ் மட்டும் இன்றும் இருக்கிறது. உயிர் தொடர்ந்தது என்னும்போது எந்த உயிர் என்று கேட்காமல் விடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்துடன் ஓர் எச்சரிக்கையையும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மீண்டது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற செயலுக்குப் பெர்மியன் அழிவின்பின் ஏறத்தாழ 1 கோடி ஆண்டுகள் வரை ஆயின. அந்த இடைவெளிக்குரிய பாறைகளில் நிலக்கரியே கிடைப்பதில்லை. கரியாக மாறுமளவு சதுப்புக்காடுகள் உலகில் எங்கும் இல்லாதிருந்ததே காரணம். மனித இனத்தின் வயது இன்றைய மதிப்பீட்டில் ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள். மீட்சிக்கு ஆன காலத்தில் நம் முழு வரலாற்றையும் முப்பது முறை அடுக்கலாம்.

நம்மைச் சார்ந்தோர் கணக்கு

பேச்சுப் போட்டிகளில் எவரும் தொடாத, எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் பகுதி இது. நோட்டில் இரு பத்திகள் வரைந்து, ஒன்றில் நாம் மறைந்தால் கூடவே மறையும் உயிர்களையும், மற்றொன்றில் நாம் மறைந்தால் நிம்மதியாக மூச்சு விடும் உயிர்களையும் எழுத வேண்டும். எழுதத் தொடங்கியதும் சில உயிர்கள் இரண்டு பத்தியிலும் இடம் கேட்கும். அங்கேதான் சிந்திக்க வேண்டியிருக்கும்.

முதல் பத்தியின் முதல் இடம் பேனுக்கு உரியது. மனிதத் தலையிலும் உடையிலும் வாழும் பேனுக்கு வேறு விலங்கு ஒத்துவராது. கடைசி மனிதர் இறந்த சில நாட்களில் அந்தக் குலம் முடிந்துவிடும். அடுத்தது மக்காச்சோளம். கதிரின் மணிகள் உறைக்குள் இறுகி ஒட்டிக்கொண்டிருப்பதால், உரித்து உதிர்த்து விதைக்க ஒரு கை வேண்டும். கதிர் அப்படியே விழுந்தால் எல்லா மணிகளும் ஒரே இடத்தில் முளைத்து ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும். விதையற்ற வாழை ரகங்களும், கன்று பிரித்து நட ஆளில்லாமல், வைத்த இடத்திலேயே கொஞ்ச காலம் கிடந்து குறுகிப்போகும். நெல்லின் நிலை வேறு. நாம் கதிரிலிருந்து மணி உதிராத நெல்லையே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தோம். ஆனால் வயலில் களையாக முளைக்கும் உதிர்நெல், அந்தப் பழைய குணத்துக்குத் திரும்பும் வழியை நெல் மறக்கவில்லை என்று காட்டுகிறது. கடற்கரைத் தென்னைக்குக் கவலை இல்லை. காயை அலையே சுமந்துபோய்க் கரை சேர்க்கும்.

கோழிகள் உலகில் எந்த நேரத்திலும் 2,000 கோடிக்கு மேல் உயிரோடிருக்கின்றன. பறவைகளில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறெதுவும் இல்லை. கொட்டகையில் அடைத்து வளர்க்கும் கறிக்கோழிகள், தண்ணீரும் தீவனமும் நின்ற சில நாட்களில் மடியும். ஆனால் மரத்தில் ஏறி அடையும் நாட்டுக்கோழி, காட்டுக்கோழியின் குணத்தை இன்னும் முழுவதும் இழக்கவில்லை. குதிரைகள் தனித்துப் பிழைக்கும் என்பதற்குச் சான்று நமக்கு அருகிலேயே இருக்கிறது: கோடியக்கரையிலும், பாக் நீரிணையில் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கேயுள்ள நெடுந்தீவிலும், முன்பு மனிதர் வளர்த்துக் கைவிட்ட மட்டக் குதிரைகளின் வழிவந்தவை கட்டுத்தறியின்றி மேய்ந்து திரிகின்றன. ஆடும் அவ்வாறே பிழைக்கும். அது எதைத் தின்றும் பிழைக்கும் என்பது நாம் அறிந்ததே.

காக்கையை எந்தப் பத்தியில் எழுதுவது? நம் ஊர்க் காக்கை, மனிதக் குடியிருப்பை விட்டு விலகிக் காட்டிலே தனியே வாழ்வதாக எங்கும் அறியப்படவில்லை. அமாவாசைச் சோறும் குப்பைத் தொட்டியும் மீன் சந்தையும் நின்றுபோனால், அது அண்டங்காக்கையோடு போட்டியிட்டுப் பிழைக்குமா என்பதைக் கேள்விக்குறியோடு எழுதி வைத்தேன்.

வேடந்தாங்கலும் எளிதில் பிடிபடாது. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் ஆண்டுதோறும் வந்து கூடு கட்டும் அந்த இடம் இயற்கையான ஏரி அல்ல. பாசனத்துக்காகக் கரை எழுப்பிக் கட்டிய ஏரி. மதகைப் பார்க்கவும் கரையை மண்ணிட்டு உயர்த்தவும் ஆளில்லையென்றால், சில வடகிழக்குப் பருவமழைகளுக்குள் ஏதேனும் ஓரிடத்தில் உடைப்பெடுக்கும். நீர் நில்லாத இடத்தில் கூடு நில்லாது. பறவைகள் வேறிடம் தேடிக்கொள்ளும் என்றாலும், தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான ஏரிகளும் கண்மாய்களும் ஒருசேர உடைந்துபோகும் நாட்டில் அந்த வேறிடம் எது என்பதை எளிதாகச் சொல்லிவிட முடியாது. இயற்கை என்று நாம் எண்ணி மகிழும் பலவற்றின் அடியில் மண்வெட்டி வேலை இருக்கிறது.

இரண்டாம் பத்திக்கு மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறு கழுகுகளை எடுத்துக்கொள்ளலாம். மாட்டுக்குப் போட்ட டைக்குளோஃபினாக் என்னும் வலி மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் இந்தியா முழுவதும் அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மனிதர் இல்லாவிட்டால் மருந்தும் இல்லை. கடலாமை இரண்டு பத்தியிலும் வரும். சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையின் குஞ்சுகள் தெருவிளக்கைக் கடலென்று நம்பி வழி தவறுகின்றன. தாய் ஆமைகள் இழுவலையில் சிக்கி மூச்சு முட்டி இறக்கின்றன. நாம் மறைந்தால் விளக்கு அணையும், வலை நிற்கும். அதே சமயம், இரவிரவாக நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கும் தன்னார்வலர்களும் இருக்க மாட்டார்கள். குப்பையின்றிப் பசித்த தெருநாய்கள் கூட்டைத் தோண்டும். நாய்கள் குறைந்த பிறகே ஆமைக்கு நல்ல காலம். எந்தக் கணக்கையும் முதலாண்டோடு முடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை நீட்டிச் சொன்னேன்.

ஆளில்லா இடங்களைச் சாட்சிக்கு அழைத்தல்

கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மனிதர் விலகிய இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. அதே சமயம், ஒவ்வொரு சாட்சியிடமும் குறுக்கு விசாரணை செய்யவும் வேண்டும்.

உக்ரைனின் செர்னோபில் அணு உலை 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. மறுநாள் பிரிபியத் நகரின் ஏறத்தாழ 49,000 பேர் வெளியேற்றப்பட்டனர்; சுற்றிலும் 30 கிலோமீட்டர் பகுதி ஆளற்ற மண்டலம் ஆயிற்று. அருகிலிருந்த பைன் காடு கதிர்வீச்சில் செந்நிறமாகி மாண்டது. ஆனால் மண்டலத்தின் பெலாரஸ் பகுதியைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வு, மான் வகைகளும் காட்டுப்பன்றியும் கதிரியக்கம் படாத சரணாலயங்களுக்கு ஒப்பான எண்ணிக்கையில் இருப்பதையும், ஓநாய்கள் அவற்றைவிட ஏழு மடங்குக்கும் மேல் இருப்பதையும் காட்டியது. 1998இல் மண்டலத்தின் உக்ரைன் பகுதியில் விடப்பட்ட பிரெஸ்வால்ஸ்கி காட்டுக் குதிரைகளும் பெருகியுள்ளன. கதிர்வீச்சு நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. பன்றிக்கும் ஓநாய்க்கும், கதிர்வீச்சைவிட வேட்டைக்காரரும் உழவரும் பெரிய தொல்லையாக இருந்திருக்கிறார்கள் என்பதே பொருள். கதிரியக்கம் மிகுந்த இடங்களில் பறவைகளும் பூச்சிகளும் குறைந்துள்ளதாகக் கூறும் ஆய்வுகளும் உண்டு. அதில் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை. குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டியது: அந்த ஓநாய்கள் எங்கிருந்து வந்தன? சுற்றியுள்ள நல்ல காடுகளிலிருந்து வந்தன. உலகெங்கும் ஒரே நேரத்தில் செர்னோபில் ஆனால், வெளியே என்று ஓரிடம் இராது.

வெளியிலிருந்து வருவது எவ்வளவு விரைவு என்பதை இந்தோனேசியாவின் கிரகத்தோவா சொல்லும். 1883 ஆகஸ்டில் வெடித்த அந்த எரிமலைத் தீவின் மிச்சத்தில் எதுவும் உயிரோடிருக்கவில்லை என்றே கருதப்பட்டது. ஒன்பது மாதம் கழித்து அங்கே இறங்கிய ஆய்வுக் குழு கண்ட ஒரே உயிர், ஒரு மிகச் சிறிய சிலந்தி. நூலைக் காற்றில் விட்டு அதில் தொங்கியபடி கடல் கடந்து வந்து, பிடிக்க ஒரு பூச்சியும் இல்லாத சாம்பலில் அது வலை பின்னிக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்குள் அங்கே காடு வந்துவிட்டது.

வட, தென் கொரியாக்களுக்கு இடையே 1953 முதல் ஆளின்றிக் கிடக்கும், 250 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் உள்ள கண்ணிவெடி நிலத்தில் செந்தலைக் கொக்குகள் குளிர்காலத்தைக் கழிப்பதையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளலாம். தனுஷ்கோடியைத் தமிழர் பலர் சட்டென்று உதாரணமாகச் சொல்வர். 1964 டிசம்பர் புயலில் அழிந்து, வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்ட அந்த ஊரின் தேவாலயச் சுவரையும் ரயில் நிலைய மிச்சத்தையும் மணலும் உப்புக்காற்றும் தின்பதைக் காணலாம் என்பது உண்மை. ஆனால் மீனவர் அங்கே இன்றும் குடிசை போட்டு வாழ்கின்றனர், சுற்றுலா வாகனங்கள் நாள்தோறும் போகின்றன. ஆகவே கட்டடம் எப்படி அழியும் என்பதற்கு மட்டும் அதைச் சாட்சியாகக் கொள்ளலாம், உயிர் எப்படித் திரும்பும் என்பதற்கு அல்ல.

நாம் விட்டுச்செல்பவற்றைக் கழித்தல்

இப்போது கணக்கில் கழித்தல் வருகிறது. உலகில் 400க்கும் மேற்பட்ட அணு உலைகள் இயங்குகின்றன. நமக்குக் கல்பாக்கமும் கூடங்குளமும் உண்டு. உலை தானே அணைந்தாலும், எரிந்து முடிந்த எரிகோல்கள் கிடக்கும் குளங்களுக்கு நீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரமும் டீசலும் தீர்ந்தபின் பல இடங்களில் அந்த நீர் வற்றிக் கதிரியக்கம் வெளிவரும். இதன் அளவை அஞ்சுவதற்கு முன் கணக்கிட வேண்டும்: முக்கிய நச்சான சீசியம்-137இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டு; பத்து அரை ஆயுள் கழிந்தால், அதாவது 300 ஆண்டில், ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். புளுட்டோனியம்-239க்கு அரை ஆயுளே 24,100 ஆண்டு. தனித்தனி விலங்குகளுக்கு இது கொடுமை. இனங்கள் பெரும்பாலும் தப்பும். நுண்ணுயிர்களுக்கோ இது பொருட்டே அல்ல. மனிதரைக் கொல்லும் கதிர்வீச்சைப்போல் ஆயிரம் மடங்கைத் தாங்கும் டைனோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, கதிர்வீச்சால் தூய்மை செய்த இறைச்சி டப்பாவில் 1956இல் கண்டறியப்பட்டது.

காற்றில் விட்டுச்செல்வது இதைவிட நீண்டது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நாம் மறைந்த மறுநாளே புகை நின்றாலும், கூடுதலாக ஏறியதில் பெரும்பகுதியைக் கடலும் காடும் சில நூற்றாண்டுகளில் உறிஞ்ச, கணிசமான பங்கு பல ஆயிரம் ஆண்டுகள் நீடிக்கும். மிச்சத்தைப் பாறைகள் மழையில் கரைந்து கட்டிப்போட லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நாம் இடம் மாற்றிய உயிர்களைத் திரும்ப அழைக்கவும் வழி இல்லை. இராமநாதபுரத்தின் சீமைக் கருவேலமும் முதுமலையின் உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் மறைவுக்குப் பிறகும் அவை குடியுரிமையோடு வாழும். அற்றுப்போன டோடோப் பறவையும், 1914இல் கடைசிப் பறவையும் இறந்த பயணிப் புறாவும் திரும்பா.

காலக்கெடுவைக் குறித்தல்

மூன்றாவது பக்கத்துக்கு உரிய கேள்வி: எதுவரை? இதற்கு மனிதர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விடைதான். சூரியன் ஒவ்வொரு 100 கோடி ஆண்டுக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு ஒளி கூடிக்கொண்டே போகிறது. வெப்பம் கூடும்போது பாறைகள் கரியமில வாயுவை வேகமாகக் கட்டிப்போடும். ஒரு கட்டத்தில் தாவரங்களுக்கு அது போதாமற்போகும். 1982இல் ஜேம்ஸ் லவ்லாக், மைக்கேல் விட்ஃபீல்ட் என்னும் அறிவியலாளர்கள் இதைக் கணக்கிட்டு 10 கோடி ஆண்டுகளே மிச்சம் என்றனர். 1992இல் கால்டெய்ராவும் காஸ்டிங்கும் திருத்திக் கணக்கிட்டு, அதை 90 கோடி ஆண்டுகள் வரை நீட்டினர். 2021இல் வந்த ஒரு கணக்கீடு, ஆக்சிஜன் நிறைந்த காற்று இன்னும் ஏறத்தாழ 108 கோடி ஆண்டுகள் நீடிக்கலாம் என்கிறது. அதன்பின் பூமி மீண்டும் நுண்ணுயிர்களின் வீடாகி, கடல் வற்ற வற்ற அவையும் ஆழத்துக்கு ஒதுங்கி முடியும். விலங்குகள் தோன்றி ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளே ஆகின்றன என்பதை இத்துடன் வைத்துப் பார்த்தால், விலங்குகளுக்கு இதுவரை கழிந்த காலத்தைவிட மிச்சமுள்ள காலம் அதிகமாக இருக்கலாம் என்று தெரியும்.

அந்த மிச்ச காலத்தில் நம்மைப் போன்று அறிவுள்ள ஓர் இனம் மீண்டும் தோன்றுமா என்று அவையில் யாரேனும் கட்டாயம் கேட்பார்கள். நமக்குக் கிடைத்துள்ள எடுத்துக்காட்டு ஒன்றே ஒன்று. ஒன்றை வைத்துச் சராசரி போட முடியாது என்று சொல்லி அமர்ந்துவிடலாம்.

விடையை எழுதும்போது மூன்று பக்கங்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்க முயல வேண்டாம். “மனிதரை மட்டும் தாக்கும் நோயால் நாம் மறைந்தால், அடுத்த 300 ஆண்டுகளில், தமிழ்நாட்டின் பாலூட்டிகளுக்கு” என்பதுபோல் காரணம், காலம், உயிர் ஆகிய மூன்றையும் முதலில் குறிப்பிட்டுவிட்டு, அதன்பின் நீடிக்கும், குறையும், பெருகும் என எழுத வேண்டும். நிபந்தனை இல்லாமல் எழுதத்தக்க ஒரே வரி, நம் மறைவுக்குப் பின்னும் நுண்ணுயிர் தொடரும் என்பது.

காலி மனைக்குப் போதல்

இனி அந்த மனை. ஆளில்லாமல் கிடக்கும் மனையோ, பூட்டிய வீடோ, கைவிட்ட கிணற்றடியோ ஒன்றைத் தெரிந்தெடுத்து, உரியவரிடம் ஒப்புதல் பெற்று, பருவமழை தொடங்கும் முன் ஒருமுறையும் தை மாதத்தில் ஒருமுறையும் ஒரே இடத்தில் நின்று படம் எடுக்க வேண்டும். முதலில் வருபவை பெரும்பாலும் எருக்கு, ஆமணக்கு, ஊமத்தை, நெருஞ்சி. பிறகு சீமைக் கருவேலம். சுவர் வெடிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பறவை எச்சத்தில் வந்த அரச விதை அங்கேதான் முளைக்கும். அதன் வேர் நூல்போல் உள்ளே போய், பருத்து, கல்லைக் கல்லிலிருந்து பிரிக்கும். அப்பர் கையில் உழவாரப்படை இருப்பது வெறும் அடையாளம் அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை யாரேனும் ஏறிப் பிடுங்காவிட்டால், ஆயிரம் ஆண்டுக் கோபுரமும் அந்த நூலிழைக்கு ஈடுகொடுக்காது. படத்தின் பின்புறம் நாள், மழையளவு, புதிதாக வந்த செடி, அதில் அமர்ந்த பூச்சி ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஐந்தாம் ஆண்டுப் படத்தை முதலாம் ஆண்டுப் படத்தின் அருகே வைக்கும்போது, வீட்டு வாசற்படி எந்தப் பக்கம் இருந்தது என்று தேட வேண்டியிருக்கும்.